பாதி போக மீதி

எத்தனை நாள் நிற்கும் டொக்டர்?

டொக்டர் ஃபர்ஸானா பழைய ஈசிஜி கடதாசியின்
பின்பக்கம் திருப்பி ஒரு சரிவு கீறினா.
"ரெண்டு நாளில் பாதி போகும்.
பிறகு மீதியில் பாதி.
பிறகு அந்த மீதியில் பாதி."
அப்ப எப்பதான் முடியும்?
"கணக்கில் முடியாது," என்றா. "உடம்பில் முடியும்."

பேனை சரிவின் அடியில் கொஞ்சம் நின்றது.
ஈரல் அதைக் கடித்துத் துண்டாக்குமாம்,
துண்டும் மருந்துதானாம்.
தாய் போன பிறகும் குட்டி நிற்கும்,
நாற்பத்தெட்டு வயது வயிற்றுக் கொழுப்பில்
சுருண்டு கிடக்கும்.

நான் துறைமுகத்தில் கிறேன் ஓட்டுபவன்.
நாற்பது மீற்றர் உயரத்தில் கண்ணாடித் தரை,
இரண்டு சப்பாத்துக்கும் நடுவில் கப்பல்.
பங்குனியில் அந்தத் தரைக்குள்ளால்தான் பார்த்தேன்.
பக்கத்துக் கிறேனின் பெட்டி
ஒரு முழம் பிந்தி நின்றது.
ஒரு மஞ்சள் தொப்பி உருண்டுபோய்த் தண்டவாளத்தில் முட்டியது.
தொப்பி மட்டும்தான் என்று
ஒரு கணம் நினைத்தேன்.

குளிசை அந்தக் கணத்துக்கு.

ஏழு கிழமை, இரவுக்கு ஒன்று.
நித்திரை வந்தது, பகலிலும் வந்தது.
நூற்றைம்பத்தைந்தில் யன்னலோரம் இருந்தவன்
கொட்டாஞ்சேனையைத் தாண்டி
மட்டக்குளியில் கண் விழித்தேன்.
கொண்டக்டர் மிச்சக் காசைக் கையில் வைத்து
விரல்களை மூடிவிட்டான், பிள்ளைக்கு மூடுவதுபோல.

நிறுத்தும்போது சட்டென்று நிறுத்தக்கூடாதாம்.
குளிசையின் நடுவில் ஒரு கோடு இருக்கும்.
வெரோனி அதில் கத்தியை வைத்து அழுத்துவாள்.
சில நாள் சரிபாதி,
சில நாள் ஒன்று பெரிது, ஒன்று பொடி.
பெரியதை எனக்குத் தந்துவிட்டு
பொடியை விரலில் ஒற்றித் தட்டில் வைப்பாள்.

கடைசிப் பாதி வைகாசி பத்தொன்பது.
அன்றிலிருந்து நாள் எண்ணினேன்.
கன்ரீனில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்:
செவ்விளநீர் குடி. வல்லாரைக் கஞ்சி குடி.
காலிமுகத்திடலில் ஓடி வேர்வையாய் விடு.
எல்லாம் செய்தேன்.
ஈரல் தன்பாட்டில், கச்சேரிக் கிளாக்கர் மாதிரி,
ஒரு பைல் முடித்து ஒரு பைல் எடுத்தது.

ஏழாம் நாள் சலம்.
வைத்தியப் பிரிவில் உத்பலா மிஸ் பட்டியைத் தோய்த்தா.
கோடு விழுந்தால் மருந்து இல்லை,
விழாவிட்டால் உண்டு.
அந்தத் தலைகீழ் எனக்குக் கடைசி வரை பழகவில்லை.
கோடு விழவில்லை.
"இன்னும் இருக்கு," என்றா தன் பாதித் தமிழில்,
மன்னிப்புக் கேட்பவபோல.

வெரோனிக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்:
எனக்குச் சந்தோசமாக இருந்தது.
இன்னுமொரு கிழமை நிலத்தில் நிற்கலாம்,
பெட்டி இலக்கங்களை அட்டையில் எழுதலாம்,
அண்ணாந்து பார்க்காமல் வீட்டுக்கு வரலாம்.

பதினாறாம் நாளும் விழவில்லை.
ஜம்பட்டா வீதி கடையில்
அவளுக்கு ஒரு இறாத்தல் ஃபுரூட் கேக் வாங்கினேன்.
என்ன விசேஷம் என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.

இருபத்தேழாம் நாள் மழை.
பட்டியில் முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஏதோ,
பால் தேத்தண்ணியில் ஆடை படிவதுபோல
ஒரு மங்கல்.
"இது கோடா மிஸ்?"
லைட்டுக்குக் கீழே சரித்துப் பார்த்தா.
"மெல்லிய கோடும் கோடுதான்."
இன்னொருக்காப் பாருங்கோ என்றேன்.
பார்த்தா. கையெழுத்து வைத்தா.

லிஃப்ட் ஏறும்போது காது அடைத்தது,
எப்போதும் அடைக்கிறதுதான்.
கதிரையை யாரோ முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள்,
பின்னுக்கு இழுத்தேன்.
லூசியாள் கோயில் கும்மட்டம் மழைக்குள் பாதி தெரிந்தது.
சட்டைப் பையில் பொடி ஒட்டிய
வெறும் அலுமினியத் தட்டு,
தொட்டுப் பார்த்துவிட்டு விட்டேன்.

கீழே, இரண்டு சப்பாத்துக்கும் நடுவில்,
ஒரு மஞ்சள் தொப்பி
அண்ணாந்து பார்த்துக் கையைத் தாழ்த்தியது:
இறக்கு.