முப்பது மில்லி

செவ்வாயும் வெள்ளியும் மலைக்கு நான்தான்.
ஸ்கூட்டியின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய நீலப் பெட்டி,
உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவே காலிக் குப்பிகள்.
கோரிமேட்டில் பெட்ரோல் போடும் பையன்
ஒவ்வொரு தடவையும் கேட்பான்:
"என்னக்கா, குச்சி ஐஸா?"
ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்பேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
எட்டாவதில் காது அடைக்கும்.
அதற்கு மேல் எங்கே நிறுத்தித் திரும்பினாலும்
வெள்ளைக்கல் வெட்டிய மேடுகள் தூரத்தில்,
பொங்கவிட்டவள் துடைக்க மறந்ததுபோல.

கொட்டச்சேட்டில் கோகிலவாணி.
காப்பிப் பழம் பறிக்கிறவள்.
மூன்றாவது பிள்ளை அவசரப்பட்டு வந்துவிட்டது:
தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
அது சேலத்துப் பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிக்குள்.
மூத்தது இரண்டுக்கும் சோறு போட ஆளில்லாமல்
இவள் மலைமேல்.
பால் மட்டும் போய் வருகிறது, என்னோடு.
அங்கன்வாடி டீச்சர் வீட்டு ஃப்ரீஸரில் சேர்த்து வைப்பாள்.
அதில் மீன் வைக்க மாட்டேன் என்று
டீச்சரின் புருஷனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறோம்.

நீல மூடி அவள் பிள்ளைக்கு.
மஞ்சள் மூடி, மிஞ்சினால், பக்கத்துக் கண்ணாடிகளுக்கு.
சிவப்பு மூடி ஆராய்ச்சிக்கு. வாரம் முப்பது மில்லி.

படிவத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன்.
'இந்தப் பால் எந்தக் குழந்தைக்கும் புகட்டப்பட மாட்டாது'
என்ற வரியில் கையைப் பிடித்து நிறுத்தினாள்.
"பின்ன யாரு குடிக்கிறா?"
மிஷின்.
"அதுக்கு ரொம்புமா?"

தெரிந்தவரை சொன்னேன்.
தாய்ப்பாலில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறதாம்,
குழந்தைக்கு அது செரிக்கவே செரிக்காதாம்.
குழந்தையின் குடலில் குடியேறும்
கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கான தீனியாம் அது.
யாருக்கு எவ்வளவு சுரக்கிறது, எப்போது கூடுகிறது,
கணக்கெடுக்கிறார்கள்.
அவள் ரவிக்கையைக் கீழே குனிந்து பார்த்தாள்.
"வீட்டுக்கு வர விருந்தாளிக்கும் சேத்தா
உலை வெச்சிருக்கு இது?"
கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொரு எழுத்தாக.
குப்பியில் பெயர் கிடையாது, நாற்பத்தொன்று என்ற எண்தான்.
"எம்புள்ளைக்கும் இன்னும் பேரு வெக்கல" என்றாள்,
அது சமாதானமா புகாரா, தெரியவில்லை.

ஏழாவது வாரம் மழை.
பெரியவனுக்குக் காய்ச்சல், தோட்டத்தில் கூலி பாக்கி,
மூன்று ராத்திரி தூக்கமில்லை.
டீச்சர் வீட்டில் ஒரே ஒரு குப்பி.
கோட்டுக்குச் சரியாக முப்பது.
மூடி சிவப்பு.

"இவ்வளவுதான் வந்துச்சு" என்றாள்.
நீலம் எங்கே என்று கேட்டேன்.
"கையெழுத்துப் போட்டுட்டேன்ல.
ஆஸ்பத்திரில வேற பால் இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க."

சொன்னது நான்தான்.
ஒண்டிக்கடையில் மழைக்கு ஒதுங்கினேன்.
பஜ்ஜி வாசனை. யாரோ ஊட்டி நல்லதா ஏற்காடு நல்லதா என்று
சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
பெட்டியைத் திறந்தேன்.
சட்டைப்பையில் புது நீல மூடி ஒன்று எப்போதும் இருக்கும்.
சானிடைசர் போட்டுக் கை காய்கிற வரை காத்திருந்து
மாற்றினேன்.
எண்ணின்மேல் பிளாஸ்திரி ஒட்டி
'கோகிலவாணி குழந்தை' என்று எழுதினேன், பேனா வழுக்க வழுக்க.

இரண்டு மணிக்கு ஒருதடவை இரண்டு மில்லி,
மூக்குக் குழாய் வழியே.
முப்பது மில்லி என்றால்
ஒரு நாளும் கொஞ்சமும்.

மாதக் கடைசியில் டாக்டர் மெஹருன்னிசா
கம்ப்யூட்டரில் கோடு போட்டுப் பார்த்தார்.
நாற்பத்தொன்றின் கோடு ஆறில் நின்று எட்டில் தொடங்கியது.
"ஏழாவது வாரம் எங்க? உடைஞ்சிருச்சா?"
இல்லை மேடம்.
"கெட்டுப் போச்சா?"
இல்லை.
"பின்ன?"
குடிச்சாச்சு மேடம்.

'மாதிரி கிடைக்காததன் காரணம்' என்றொரு கட்டம் அந்தப் படிவத்தில் உண்டு.
அதன்மேல் பேனாவை வைத்து
வெகுநேரம் அப்படியே இருந்தார்.