கடனிறுக்க வகையற்றவர்

சட்டத்தரணி கேட்ட காசு இருந்திருந்தால்
இந்த மனுவே தேவையில்லை என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"பதிவறையில் பழைய கோவை ஏதும் கிடந்தால்
பார்த்து நீங்களே எழுதலாம், போய்க் கேளுங்க."

வலையிறவுப் பாலத்தில் காற்றுக்கு எதிராய்ச் சைக்கிள் மிதித்து
(மோட்டார் சைக்கிளைப் போன மாதம் கொண்டுபோய்விட்டார்கள்)
மட்டக்களப்பு நீதிமன்றத்தின் பின்கதவுக்கு வந்தேன்.

நஸ்மியா மிஸ் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினா.
"வங்குரோத்தா?
பதினெட்டு வருசம் இந்தக் கதிரையில இருக்கன்,
ஒருத்தரும் கேட்டு வரல்ல.
காசில்லாட்டி ஓடுவாங்க, கட்டாருக்குப் போவாங்க,
இல்லாட்டி..."
மிச்சத்தைச் சொல்லாமல் ஏணியை எடுத்தா.

காணி, காணி, தாபரிப்பு, காணி,
விவாகரத்து, மரணசாதனம், மறுகாவும் காணி.
ஏணியை நான் பிடித்தேன். தூசெல்லாம் என் தலையில்.
ஒன்றரை மணியாகும்போது, மேல்தட்டின் மூலையில்
ஒரே ஒரு கோவை:
சீனித்தம்பி மரைக்கார், பிடவைக்கடை,
ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டு.
கறையான் தின்றது போக.

பொது ஆவணமாம், யாரும் பார்க்கலாமாம்.
ஒரு மனிசன் தோற்றதை
யாரும் கதிரை போட்டு இருந்து வாசிக்கலாம்.
எனக்குக் கூச்சமாய் இருந்தது,
குளிக்கிற துறையில்
ஆரோ அவிழ்த்து வைத்த சாரத்தைக் கண்டமாதிரி.

மனு ஆங்கிலத்தில். பின்னால் துருப்பிடித்த குண்டூசியில்
அவர் கைப்பட எழுதிய தமிழ்:
வெள்ளத்தில் நனைந்த சீத்தை, முப்பத்தொரு யார்.
அலுமாரி இரண்டு, ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை.
முழக்கோல் ஒன்று.
வரவேண்டிய கடன், நாற்பத்தாறு பேர்.
பெயர்கள் இல்லை.
"அவர்கள் வீட்டையும் வெள்ளம் கொண்டுபோனது" என்று மட்டும்.
ஓரத்தில் நீதிபதியின் சிவப்பு மை.
மிஸ் வாசித்துச் சொன்னா: பெயர் தருக.
அடுத்த தவணைத் தாளைக் காணவில்லை.
கறையானா, மரைக்காரா, தெரியாது.

மேசை ஓரத்தில் இருந்து என்னுடையதைத் தொடங்கினேன்.
மயில்வாகனம் கிருபைராசா, கன்னங்குடா.
தொழில்: வெட்டு மெசின் வைத்திருந்தவர்.
"வைத்திருந்தவர்" சரியா என்று கேட்டேன். சரியாம்.
மெசினைக் கரடியனாற்றுச் சந்தியில் மறித்து
லீசிங்காரர் லொறியில் ஏற்றியபோது
தொட்டியில் என்னுடைய டீசல் இருபது லீற்றர்.
அதையும் எழுதலாமா? எழுதலாமாம்.

காரணம் என்ற இடத்தில் பேனா நெடுநேரம் நின்றது.
பசளை வராத போகம்.
நெல் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை,
மாதத் தவணை மட்டும் நன்றாய் விளைந்தது.
என் பிழை இதில் எவ்வளவு என்று எழுத
படிவத்தில் இடம் விடவில்லை.
மனிசியின் பெயரில் குழுக்கடன் மூன்று,
செவ்வாய், புதன், வெள்ளி.
அதை என்னோடு சேர்க்க ஏலாதாம்.
அவ தனியாய் வந்து
தனியாய் முறிய வேண்டுமாம்.

வங்குரோத்து என்றால்
கப்பலில் வந்திறங்கிய துரை ஒருவரின் பெயர்மாதிரி.
ஊரில் சொல்வது, நொடிச்சவன்.
சட்டத்தில் இரண்டு இருக்கின்றன:
கடனிறுக்க வகையற்றவர். முறிவடைந்தவர்.
நான் முதலாவதை எடுத்தேன்.
வகை இல்லை, அது தெரியும்.
முறிந்ததா என்று இன்னும் பார்க்கவில்லை.

வர்த்தமானியில் போடுவார்களாம், ஊர் அறிய.
ஊர் அறிந்து இரண்டு போகம் ஆகிறது.

நிழற்பிரதிக்கு ஐம்பது. கையில் நாற்பது.
மிஸ் கைப்பையைத் துழாவி
பத்து ரூபாக் குத்தி ஒன்றை மேசையில் வைத்தா.
"மறுகாத் தாங்க."

கதிரையைத் திரும்ப இழுத்துப் போட்டேன்.
கடன் கொடுத்தோர் அட்டவணை, பன்னிரண்டாம் வரி:
பிணை இல்லை, வட்டி இல்லை, ரூபா பத்து.
"விசரா உங்களுக்கு? வெட்டுங்க அத."
சத்தியம் செய்து கொடுக்கிற கடதாசி மிஸ்,
ஒன்றும் விட ஏலாது.
முழுப்பெயரைச் சொல்லுங்க.

அவ சொல்லவில்லை.
மரைக்காரை நாடாவால் கட்டிக்கொண்டு
ஏணியில் ஏறினா.