தண்ணி ஊத்திப் பார்த்தல்

முதலில் விரல்மொழியால் தட்டிப் பார்க்க வேண்டும்.
நல்ல தகரம் திருப்பிக் கதைக்கும்.
கறள் தின்ற தகரம்
பொரித்த அப்பளம் போல
ஒரு சொல்லும் இல்லாமல் உள்ளே போகும்.

விசுவமடுவில் பழைய இரும்புக்காரன்
தராசில் ஏற்ற முதல் மறித்து வாங்கிய
ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் இது.
"எஞ்சின் நல்லம்" என்றான்.
எஞ்சின் நல்லம் என்றால்
மற்றதைக் கேளாதே என்று பொருள்.

வேம்புக்குக் கீழே
நாலு சீமெந்துக் கல்லில் ஏற்றி
கம்பிப் பிறஸ் போட்டேன்.
வெள்ளை போனது.
வெள்ளைக்குக் கீழே பச்சை,
தும்புக்கட்டையால் அவசரமாய் இழுத்தது,
சேறும் கலந்து.
மேலே பறந்தவனுக்குப் பற்றையாகத் தெரிய
யாரோ ஒரு பின்னேரம் பூசியிருக்கிறார்.
பச்சைக்கும் கீழே நீலம்.
கலியாணத்துக்குப் போகிற நீலம்.

கதவடித் தகட்டைத் திருப்புளியால் குத்த
மண் கொட்டியது.
எங்கள் வளவின் மண் இல்லை,
வெள்ளை மண், சிப்பித் துண்டுகளோடு.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்: உப்பு.
சுகிர்தமலர் விளக்குமாற்றோடு வந்தாள்.
எந்தக் கரை என்று
நான் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை.
கூட்டி அள்ளி
ஒழுங்கைப் பள்ளத்தில் கொட்டினாள்.
"வாழைக்குப் போட்டால் பட்டுப்போகும்" என்றாள்,
நான் கேட்காததற்கு.

யதுர்சி சோக்கட்டியால்
ஓட்டைகளுக்கு வட்டம் போட்டுக்கொண்டு வந்தாள்.
பதினொன்று.
பின்கதவில் நின்றுவிட்டாள்.
"அப்பா, இதுக்கும் போடவோ?"

கறள் ஓரத்தை மென்று
பல்லுப் பல்லாய் விடும்.
இவை ஐந்தும் உருண்டை.
விளிம்பு உள்ளே மடிந்திருந்தது.
ஒன்றில் சின்ன விரலை விட்டாள்,
அளவாய் இருந்தது.
நான் பிறஸைக் கீழே வைத்தேன்.

"மழை இதாலையும்தான் வரும்," என்றாள் சுகிர்தமலர்.
"போடு பிள்ளை."
பதினாறு.

தகரத்துக்குத் தகரம் வேணும்.
கோழிக்கூட்டுக் கூரையைக் கழற்றினோம்.
அதற்கு முதல் அது எங்கள் கூரை,
திரும்பி வந்த வருசம் தந்த பன்னிரண்டில் ஒன்று.
தந்தவர்களின் பெயர் பாதி அழிந்து கிடந்தது.
அடித்து அடித்து நெளி எடுத்தேன்.
முழுதாய்ப் போகவில்லை.

றெஜினோல்ட் வெல்டிங் பெட்டியோடு வந்தான்.
"நாகம் பூசின தகரம், புகை கூடாது,
அரைப் போத்தல் பால் வாங்கி வை."
குடித்தான், இருமினான், ஒட்டினான்.
தலைக்கு மேலே இருந்தது
இனி ஆட்கள் செருப்போடு மிதிக்க.
கோழிகள் அன்று முழுக்க
அவ்வளவு வெளிச்சத்தில் என்ன செய்வதென்று தெரியாமல்
நின்ற இடத்திலேயே நின்றன.

பட்டி. பட்டி காய மண்கடதாசி.
எண்பது, நூற்றிருபது, நானூறு,
தண்ணி தொட்டுத் தொட்டு.
கண்ணுக்கு மட்டமாய்த் தெரிந்தது
உள்ளங்கைக்கு மேடாய் இருந்தது.
மூன்று இரவு சோறு
பட்டி மணத்தது.

பெயின்ற் அடிக்க முதல் ஒரு சோதனை.
நான் ரோச்சோடு உள்ளே இருக்க
அவள் கிணற்று வாளியால் ஊத்தினாள்.
கூரை மேல்
தடதடவென்று ஐப்பசி.
கதவு காய்ந்து கிடந்தது.
காலடி காய்ந்து கிடந்தது.
பிறகு எங்கிருந்தோ
பிடரியில் ஒரு சொட்டு.

தேடினேன். பதினாறில் ஒன்றும் இல்லை.
கண்ணாடி றப்பரோ, கூரை மூட்டோ,
பிள்ளை வட்டம் போடாத ஏதோ ஒன்று.

"ஒழுகுதோ?"
"இன்னுமொரு வாளி ஊத்து."

ஊத்திவிட்டு
நனைந்த சட்டையோடு பக்கத்தில் வந்து இருந்தாள்.
கதவை இரண்டு தரம் சாத்த வேண்டியிருந்தது.
சத்தத்தை வைத்துப் பிடிக்கலாம் என்று
ரோச்சை அணைத்தோம்.

ஒரு சொட்டு.
பிறகு நெடுநேரம் இல்லை.
இனி இல்லை என்று அவள் வாய் திறக்க
அடுத்தது.