முகம் மெழுகியவள்

காலையில் முதல் வேலை
நேற்றைய எச்சிலைத் துடைப்பது.
ஹல் துறைமுகத்தில் மீன் ஏலம் முடித்து வருகிறவர்களின் எச்சிலில்
புகையிலை நெடி.
ஞாயிறு மட்டும் ஓய்வு,
ஆண்டவருக்கும் எனக்கும்.

டிபெட் முதலாளியின் மெழுகுச் சிலைக் கூடத்தில்
ஒட்டுவேலை செய்கிறவன் நான்.
சேதக் கணக்குப் பேரேடும் என் கையில்தான்:
இளவரசியின் சுண்டுவிரல், களவு, ஐந்தாம் முறை.
சுல்தானின் தாடியில் ஒரு பிடி.
அட்மிரலின் கண்ணாடிக் கண், எந்தப் பையனோடோ
கோலி ஆடப் போய்விட்டது.
தொட்டில் குழந்தையின் கன்னத்தில் பல் தடம்.
சின்னப் பற்கள், ஒரு பெண்ணுடையவை.
அதை மட்டும் நான் நிரவவில்லை;
குழந்தையைத் திருப்பிப் படுக்க வைத்தேன்.

உள்ளறைக்குத் தனிக் கட்டணம், மூன்று பென்னி.
கொலைகாரர்கள் அங்கே.
தொப்பி ஊசிகளும் அங்கே.
சீமாட்டிகள் கையுறை கழற்றாமல் குத்துவார்கள்.
ஸேத் கார்பட்டின் நெற்றியில்
அந்த மாதம் மட்டும் நாற்பத்தோரு துளை.
குத்திவிட்டு ஒரு கணம் நின்று பார்ப்பார்கள்,
வலிக்கிறதா என்று.

வெளியே சொல்லக்கூடாத ஒன்று:
அந்தத் தலை கார்பட்டுடையதே அல்ல.
நான்கு வருடம் அது பிஷப்பாக இருந்தது.
ஆசீர்வாதத்துக்குக் கூட்டம் குறைந்ததும்
கிடங்குக்குப் போனது.
தூக்குச் செய்தி வந்த இரவு
முதலாளி விளக்கோடு வந்து நின்றார்.
“விடிவதற்குள் ஒரு கொலைகாரன் வேண்டும்.”
புருவங்களைச் சேர்த்தேன். குதிரைமயிரில் மீசை.
வாயோரத்தை ஊசியால் கொஞ்சம் இறக்கினேன்,
கடுகளவு.
அவ்வளவுதான் தேவைப்பட்டது.

நவம்பரில் ஒரு செவ்வாய், விடாத மழை.
சால்வைக்குள் எதையோ அணைத்தபடி ஒருத்தி வந்தாள்.
கைக்குழந்தை என்று நினைத்து
வாசற்காரன் வழிவிட்டான்.
கம்பளித் துணியில் சுற்றிய இஸ்திரி இரும்பு அது,
எதிர்த்த சலவைக்கூடத்து அடுப்பிலிருந்து நேராக.

கத்தவில்லை. உமிழவில்லை.
இடது கையால் பின்னந்தலையைத் தாங்கிக்கொண்டு
நெற்றியிலிருந்து தொடங்கினாள்,
சட்டைக் கழுத்தைத் தேய்ப்பதுபோல.
மூக்கு அமர்ந்தது. என் மீசை புகைந்தது.
நாற்பத்தோரு துளையும் ஒன்றாய் மூடிக்கொண்டன.
தரை மெழுகுவார்களே, அப்படி மெழுகினாள் முகத்தை.
தடுக்க வேண்டியவன் நான்.
என்ன நேர்த்தியான கை
என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெயர் திர்ஸா கார்பட். அக்கா.
தம்பியின் முகத்தைச் சிதைக்க மனம் வந்ததா என்று
நீதிமன்றத்தில் கேட்டார்கள்.
“அது அவன் முகமில்லை, ஐயா.
மேலுதட்டில் அவனுக்குத் தீக்காயம், மீசையே முளைக்காது.
படம் பிடித்து வைக்க எங்களிடம் காசிருந்ததில்லை.
வேலைக்குப் போகும் வழியெல்லாம் உங்கள் சுவரொட்டி.
போன வாரம் கனவில் வந்தான்,
இந்த மூக்கோடு.”
அவன் செய்ததை
அவள் இல்லையென்று சொல்லவில்லை.
இரண்டு பவுண்டு, அல்லது பதினான்கு நாள்.
பதினான்கு நாளை எடுத்துக்கொண்டாள்.

முதலாளி என்னைச் சரிசெய்ய விடவில்லை.
புதுப் பலகை எழுதச் சொன்னார்:
சொந்த அக்காவே அழித்த முகம், ஆறு பென்னி.
கூட்டம் நெரிந்தது.
ஊசியோடு வந்தவர்கள்
குத்த இடம் தேடி நின்றார்கள்.
வாயில் திரட்டிய எச்சிலை
ஒரு மீன்காரர் விழுங்கியதை நான் பார்த்தேன்.

பதினாறாம் நாள்
என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்துக்கொண்டு
தெருவைக் கடந்தேன்.
விரித்துப் பார்த்தாள். கைப்பட்டியில் மெழுகுக் கறை.
“தாளை வைத்து மேலே இரும்பை வைத்தால்
மெழுகு ஏறிவிடும்” என்றாள்.
பிறகு என் விரல்களைப் பார்த்தாள்.
பிறகுதான்
நிமிர்ந்து
என் முகத்தை.