வெள்ளைத் தட்டு

ஐம்பது கடிகாரம் மொத்தமாக எடுத்தால்
ஐந்து இலவசம் என்றான் தெய்ஞ்சிச் சந்தைக்காரன்.
முகப்பில் எங்கள் மண்டியின் பெயர்
மூன்று மொழியில், தங்க எழுத்தில்.
ஒரு தரம் மாட்டினால் பத்து வருஷம்
நம்மைப் பார்த்துத்தான் மணி பார்ப்பார்கள் என்று
கணக்கர் பூமிநாதன் சொன்னபோது
எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

பயின்னவுங் லாரிகளுக்கு நடுவே
சைக்காவில் ஏறிப் போயின கடிகாரங்கள்:
ஆலைக்காரர்களுக்கு, ஏற்றுமதிக்காரர்களுக்கு,
துறைமுகத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு.
பட்டியலில் பதினேழாவது
ஊ சான் ஹ்வா.
எங்கள் உளுந்தில் பாதி
அவர் கிட்டங்கி வழியாகத்தான் கப்பலேறும்.

மறுநாள் ஒரு சிவப்பு உறை வந்தது.
உள்ளே கடிதம் இல்லை.
சிங்கம் போட்ட பழைய நாணயம் ஒன்று,
இன்று ரங்கூனில் ஒரு கடையிலும் போகாதது.
"செல்லாக்காசு என்கிறாரா நம்மை?"
பூமிநாதனுக்கு மூக்கு விடைத்தது.
இரண்டு வாரம் அவர் போன் செய்யவில்லை.
நானும்.

தரகர் மா தின் ஹ்லாதான்
வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.
அவர் வீட்டுச் சீனப் பேச்சில்
கடிகாரம் கொடுத்தேன் என்பது
கடைசி வழியனுப்பினேன் என்று காதில் விழுமாம்.
அதுவும் புத்தாண்டுக்கு முந்தின வாரம்!
திருப்பி அனுப்பியிருக்கலாம் மனுஷன்,
காசு கொடுத்து வாங்கிக்கொண்டுவிட்டார்.
இனி அது பரிசில்லை, வியாபாரம்.
பழி உன் தலையில் இல்லை, போ.

நாணயம்.
எங்கள் மொழியில் இந்தச் சொல்லுக்குள்
இன்னொரு பொருளும் இருக்கிறது என்று
பர்மியத்தில் அவளுக்குச் சொல்லப் போய்
பாதியில் சிக்கி நின்றேன்.

அந்த வருஷம் அவரைப் பார்த்தேன்.
அதற்கு முன் பதினோரு வருஷம்
அவருடைய செக்கைத்தான் பார்த்திருந்தேன்.
பழுப்புக் காகிதத்தில் உளுந்தைக் கொட்டி
வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போவார்.
கண்ணுக்கு நாலு விரல் தூரத்தில் பிடித்து
மணியா கல்லா என்று நகத்தால் நெருடுவார்.
மழை இருட்டில், மின்சாரம் போன மதியங்களில்
கடைப் பையனைக் கூப்பிடுவார்.
கூப்பிட்ட பிறகு
வேறு எதற்கோ கூப்பிட்டதுபோல்
டீ வாங்கிவரச் சொல்வார்.

நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் தட்டு,
ஒரு மூலையில் மூக்கு, மணியைத் திரும்பக் கொட்ட.
கூடவே ஒரு பேட்டரி விளக்கு.
இரண்டும் சேர்ந்து கடிகாரத்தைவிட மலிவு.
இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டேன்.
வெள்ளையா? அதுவும் துக்கம்தான், என்றாள் மா தின் ஹ்லா,
சிவப்புத் துணியில் சுற்று,
பண்டிகை எதிலும் படாத நாளாகக் கொண்டு போ.

"நம் பேரை எங்கே போடுவது?"
போட வேண்டாம்.
பூமிநாதன் தட்டைத் தட்டிப் பார்த்தார்.
"கறுப்பு உளுந்து, வெள்ளைத் தட்டு.
அம்மா, முதலில் மாட்டுவது நாம்தான்."
அது எனக்குத் தெரியாமல் இல்லை.
இரண்டு ராத்திரி தெரிந்துகொண்டேதான் படுத்திருந்தேன்.

ஆவணி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை
துணியை அவிழ்த்தார். விளக்கைப் போட்டார்.
என்னைப் பார்க்கவில்லை.
அன்று காலை வந்த எங்கள் சாக்கிலிருந்து
ஒரு கை அள்ளிக் கொட்டினார்.

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பாராதே என்பார்கள்.
இவர் மாட்டை விட்டுவிட்டுக்
கொடுத்தவள் பல்லைப் பார்த்தார்.

மூன்று கல். ஒரு மண்கட்டி.
விளிம்பில் வரிசையாக வைத்தார்.
மூட்டைக்கு ஆயிரம் கியாட் கழித்தார்.
பிறகு இழுப்பறையைத் திறந்தார்,
இதற்கும் காசா என்று நெஞ்சு அடித்தது.
ஒரு துண்டுக் காகிதம் எடுத்தார்.
கற்களை மருந்துப் பொட்டலம்போல் மடித்து
என் பக்கம் நகர்த்தினார்.
"உங்களுடையது."

இரண்டு பேருமே சிரித்தோம் என்று நினைக்கிறேன்.
மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.
அவர் தலைக்கு மேல்
விலை கொடுத்து வாங்கிய கடிகாரம்
எங்கள் தங்க எழுத்தோடு
ஏழு நிமிஷம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியில் ஏறியதும் பூமிநாதனிடம்
புதுச் சல்லடை என்ன விலை என்று
விசாரிக்கச் சொன்னேன்.