நான்காம் விடயம்

மூன்றாவது, கூரைத் தகரம். எழுதிவிட்டேன்.
நான்காவதுக்கு என்ன சொல் போடுவது என்று
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டேன்.

"வேதத்தில இருக்கிற சொல்லையே போடும்"
என்றார் மூப்பர் வேதமாணிக்கம்.
அந்தச் சொல்லை நான் ஒருநாளும் வாய்விட்டு வாசித்ததில்லை.
சீ.ஆர். கொப்பியின் நீலக் கோட்டில்
கிருபைநாதனின் பெயருக்குப் பக்கத்தில்
அது எப்படி நிற்கும்?
கிருபைநாதன்: வயது முப்பத்திரண்டு,
கண்ணிவெடி அகற்றும் பிரிவு,
மாதத்தில் ஒரு ஞாயிறு பாடம் வாசிக்கிறவர்.
போதகர் கேட்டார். அவர் மறைக்கவில்லை.
நடந்தது அவ்வளவுதான்.

"பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றா ஞானசீலியக்கா.
வேறுவிதமாய் விளங்கிக்கொள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று
போதகர் தொடங்கினார்,
பிறகு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

வேதமாணிக்கம் ஐயா என் பக்கம் திரும்பினார்.
"பிள்ளை, நீரும் அந்தப் பங்கருக்குள்ள இருந்தனீர்.
எனக்கு ஒரு கை, உமக்கு ஒரு தம்பி போன இரவு
எங்களிட்ட மிஞ்சினது என்ன? இந்தப் புத்தகம்.
ஒரு தாளை இளக்கினால்
முழுத் தையலும் விட்டுப்போகும்."

அவர் பொய் சொல்லவில்லை.
டோர்ச் வெளிச்சத்தில் அன்று அவர் வாசித்த சங்கீதம்
என் முள்ளந்தண்டில் இன்னும் மனப்பாடமாய் இருக்கிறது.
நானும் அந்தத் தையலில் தொங்குகிறவள்தான்.

ஆனால் ஒருமுறை கேட்டேன் கிருபைநாதனிடம்,
புதுக்குடியிருப்புப் பக்கம் அவர் வேலை செய்த நாட்களில்,
மண்ணை எப்படி வாசிப்பது என்று.
"ஒரு பாய் அகலம், ஒரு நாள்.
கருவி கத்தினால் முழங்காலில இருக்கவேணும்.
நூறில தொண்ணூற்றொன்பது ஆணி, தகரம்.
எண்டாலும் ஒவ்வொண்டையும்
ஒரு ஆளின்ர கால் எண்டு நினைச்சுத்தான் கிண்டுறது."
பாடத்தையும் அப்படித்தான் வாசிப்பார்.
காற்புள்ளியில் மூச்சை வைத்துவிட்டு, பிறகு எடுப்பார்.

நாங்கள் அன்று ஒரு அதிகாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம்,
மண்டையோட்டுப் பலகை நட்டோம்,
உள்ளே அவரை மட்டும் விட்டுவிட்டு
மற்ற எல்லாரும் கிரவல் றோட்டில் ஏறிக்கொண்டோம்.

"வாற ஞாயிறு நீரே வாசியும்" என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்குரிய பாடத்தை நாங்கள் தெரியவில்லை,
அது எப்போதோ குறிக்கப்பட்டது.
வனாந்தர வழி. இரதத்தில் ஒரு அண்ணகன்.
சபைக்குள் வரக்கூடாது என்று
எழுதிவைக்கப்பட்ட உடம்பு,
எழுதிவைத்த அதே ஏட்டை
மடியில் விரித்து வாசித்துக்கொண்டு போகிறது.
விளங்கவில்லை என்கிறது. ஏறி இரு என்கிறது.
பிறகு தண்ணீரைக் கண்டு,
எனக்குத் தடை என்ன என்கிறது.

அந்த இடத்தில் மூச்சை வைத்தேன்.
எடுக்க முடியவில்லை.

வெளியே மோட்டர் இரையத் தொடங்கியது.
சித்திரையிலேயே கிணறு வற்றிய வருடம்,
சசிதரன் பவுசரோடு வந்திருந்தான்.
கேற்றுக்கு உள்ளே ஒருநாளும் கால் வைக்காதவன்,
குழாயை மட்டும் மதிலுக்கு மேலால் விடுவான்.
கடைசி வாங்கில் கிருபைநாதன்
சத்தம் வந்த பக்கம் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை
நான் பிரசங்கபீடத்தில் இருந்து பார்த்தேன்.

மீதி வசனங்களை வாசித்தேனா என்று ஞாபகம் இல்லை.
வாசித்தேன் என்கிறார்கள்.

கொப்பியில் நான்காம் இலக்கத்துக்கு எதிரே
இன்னும் வெறுங்கோடு. கேட்டால் கேட்கட்டும்.

ஆராதனை முடிந்த வெயிலில்
வேதமாணிக்கம் ஐயா தாங்கியடிக்குப் போய்
இருக்கிற கையைக் குழித்து ஏந்திக் குடித்தார்,
இரண்டு தரம், மூன்று தரம்,
தாடையால் வழிய வழிய.
"நல்ல தண்ணி பிள்ளை. எந்தக் கிணத்துத் தண்ணி?"

தெரியாது ஐயா,
கேட்டுச் சொல்லுறன் என்றேன்.