நானூற்றைம்பது நானோமீட்டர்

எதிர் ஃபிளாட் ரோடெல்
மணிலாவுக்கு ஒரேயடியாய்க் கிளம்பியபோது
மூன்றடிக் கண்ணாடித் தொட்டியை
எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான்.
உப்புத் தண்ணீர், துளைக்கல், இரண்டு கோமாளி மீன்,
சட்டைப் பொத்தான் அளவில்
இருபத்து மூன்று பவள வாய்கள்.
விளக்கை மட்டும் தனியே விற்றிருந்தான்.
அதுதான் காசு பெறுமாம்.

நாலாம் நாள்
இருபத்து மூன்றும் வாயை மூடிக்கொண்டன.

அபு ஷகாராவில் எங்கள் ஜன்னல் திறந்தால்
அடுத்த கட்டடத்து ஏசியின் முதுகு.
தெருவில் ஜூலை.
ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடியும்.
அத்தனை வெயிலும் ஓசியில் கொட்டிக் கிடக்க
அதன் வழியாகவே நடந்து போய்
பறவைச் சந்தையில்
வெளிச்சம் என்ன விலை என்று கேட்டேன்.

சுதீந்திரன் முதலில் எடுத்து வைத்தது
இரண்டாயிரத்து நூறு திர்ஹம்.
போனில் தொட்டால் விடியும்,
மேகம் வரும், மின்னல்கூட வெட்டும்.
மின்னல் எதுக்கு சேட்டா?
ஒரு ரசத்துக்கு, என்றார்.
எங்கள் வீட்டு ரசத்துக்குப் புளி போதும் என்றேன்.

அடுத்தது பழைய குழல் விளக்கு, முந்நூறு.
வருஷத்துக்கொரு தரம் குழல் மாற்ற வேண்டும்.
நம் கண்ணுக்கு எரிந்துகொண்டேயிருக்குமாம்,
பவளத்துக்கு எப்போதோ இருட்டியிருக்குமாம்.

துறைமுகத்தில் கழற்றிப்போட்ட ஃபிளட்லைட் கிடக்கிறதே,
கேட்டு வாங்கிவரவா என்றார் சந்தியாகு.
அந்த மஞ்சளில்
பாசிக்குக் கல்யாண விருந்து, பவளத்துக்குப் பட்டினி.

பவளம் நேராய் வெளிச்சம் தின்பதில்லை.
தோலுக்குள் குடிவைத்திருக்கும் பாசி
வெளிச்சத்தைச் சமைத்து
வாடகைக்குப் பதில் சாப்பாடு போடுகிறது.
அது கேட்பது முக்கியமாய் நீலம்,
சிவப்பையெல்லாம் கடல் விழுங்கிய பிறகு
ஆழத்தில் மிஞ்சுகிற நீலம்.
நானூற்றைம்பது நானோமீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே.

இந்த நீலம் எனக்குத் தெரியும்.
பிறந்து மூன்றாம் நாள் மஞ்சள் பூத்த குழந்தைகளை
கண்ணைக் கட்டி
ஏறக்குறைய இதே நீலத்தின் கீழ்தான் படுக்கவைக்கிறேன்
வாரத்தில் ஆறு நாள்.
விளக்கை நாலு விரல் இறக்கினால் என்ன ஆகும்,
ஏற்றினால் என்ன ஆகும்
என் கைக்கே தெரியும்.
வார்டில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் உண்டு.
ஒரு ராத்திரிக்கு அதைப் பையில் போட்டால் என்ன என்று
அலமாரி வரை போனேன்.
போய்த் திரும்பினேன், அவ்வளவுதான்.

கடைசியில் அந்தக் கறுப்புப் பெட்டி.
சீனச் சரக்கு, பெயர் கிடையாது,
இருநூற்று நாற்பது சொல்லி இருநூற்றுப் பத்துக்கு.
இரண்டே குமிழ்: வெள்ளை, நீலம்.
விசிறி வண்டாய் இரையும்.
மூன்றாவது வாடகைச் செக் வங்கிக்குப் போகிற மாதத்தில்
அதற்கு மேல் எந்தச் சூரியனும் கட்டுப்படியாகாது.

கொம்புக்கொம்பாய் வளரும் பவளம் ஒன்று
பக்கத்துத் தொட்டியில் இளிஞ்சிவப்பில் மினுக்கியது.
சுதீந்திரன் அதைக் கையால் மறைத்தார்.
விளக்குக்குத் தக்க பவளம் வாங்குங்க,
பவளத்துக்குத் தக்க விளக்கு தேடினா
வீட்டை விக்கணும்.
வாடகை வீடு, என்றேன்.
அப்போ பார்க்கவே பார்க்காதீங்க.

கூரையில் துளை போட்டால் டெபாசிட் போகும்.
துணி காயவைக்கும் ஸ்டாண்டில் கட்டித் தொங்கவிட்டோம்.
நீலம் முப்பது, வெள்ளை ஐந்து;
வாரத்துக்குக் கொஞ்சமாய்த்தான் கூட்ட வேண்டும்,
பட்டினி கிடந்ததற்கு ஒரேயடியாய்ப் போட்டால் வெந்துவிடும்.

பிறகு டைமர்.
எப்போது விடிய வேண்டும் என்று கேட்டது.

எனக்குப் பகல் டியூட்டி, சந்தியாகுவுக்கு ராத்திரி.
ஒரே கட்டிலில்
ஆளுக்கொரு ஷிப்டாய்த் தூங்குகிறோம்.
இரண்டு பேரும் விழித்திருப்பது ஐந்திலிருந்து ஒன்பது.
யோசித்தோம்.
பவளத்துக்கு நேரம் முக்கியமில்லையாம்,
எட்டு மணி நேரம் கிடைத்தால் போதுமாம்.
ஆகவே எங்கள் கடலில்
மதியம் ஒன்றுக்கு விடிகிறது,
மாலை ஆறுக்கு உச்சிவெயில்.

பதினோராம் நாள்
ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு
தொட்டி முன் நின்று கூப்பிட்டார்.
பச்சை விளிம்பில் ஆரஞ்சு நாக்காய்
ஒன்று திறந்திருந்தது.
நீலத்தில் அவர் பல்லும்
என் யூனிஃபார்ம் காலரும் ஒளிர்ந்தன.
சாக்ஸ் போட மறந்து பஸ்ஸை விடப் பார்த்தார்.

ஒன்பதுக்கு டைமர் டக்கென்றது.
விசிறி நின்றதும்தான்
அது இவ்வளவு நேரம் இரைந்தது கேட்டது.

இன்றைக்குப் பத்தொன்பது.
மற்ற நாலும் என்ன நினைத்திருக்கின்றனவோ.